அவள் குளிக்கும் தண்ணீர்

— இதை இங்கேயா வைக்கப் போறீங்க? துவைக்கிற இடத்தை மறிச்சுக்கிட்டு நிக்குமே.

— வேற எங்க வைக்கிறது? மேல் டேங்க்லேருந்து பாத்ரூமுக்கு இறங்குற பைப் இந்தச் சுவத்துலதான் வருது. இங்க மாட்டினாத்தான் உள்ள போற தண்ணி பூரா மாறும். அந்த வாளியைக் கொஞ்சம் நகர்த்து.

— தனியாவா வந்தீங்க? கூட ஆள் வரலையா?

— முன்னாள் பொண்டாட்டி வீட்டுல வேலைன்னா எவன் வருவான்? வெந்நீர் ஊத்துவாங்களோன்னு பயப்படுறான்.

— இன்னும் முன்னாள் ஆகலை. திங்கக்கிழமைக்கு அப்புறம்தான்.

— சரி. வருங்கால முன்னாள்.

— நான் சிரிக்க மாட்டேன்.

— தெரியும். பழக்கதோஷம், வாயில வந்துடுச்சு. மெயின் வால்வு எங்க?

— கதவுக்குப் பின்னாடி. பார்த்துத் திருகுங்க, கையோட வந்துடும். உப்பு பூத்துக் கிடக்கு.

— ஆமா, வெள்ளை வெளேர்னு இருக்கு. பாரு, இதுதான் எல்லாத்துக்கும் காரணம். சுண்ணாம்பு. தண்ணியில இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. காஞ்ச பிறகுதான் முகத்தைக் காட்டும். உங்க கெட்டில் அடியைப் பார்த்தியா?

— கெட்டிலை விடுங்க. எதுக்கு வந்தீங்கன்னு சொல்லுங்க.

— நேத்து போன்லயே சொன்னேனே. தண்ணி மாத்துற மெஷின் மாட்ட.

— அது எனக்கும் தெரியுது. எதுக்குன்னு கேக்குறேன். திங்கக்கிழமை கோர்ட்டுல பாப்பாவைத் தனியா உக்கார வெச்சு, அம்மாகிட்ட இருக்கியா, அப்பாகிட்ட இருக்கியான்னு கேக்கப் போறாங்க. இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவ முழங்கை மடிப்பெல்லாம் சொறிஞ்சு சொறிஞ்சு ரத்தம். சனி ஞாயிறு உங்ககிட்ட வந்தா கொஞ்சம் ஆறிடுது. அங்க இந்த மெஷின் இருக்கு, இங்க இல்ல. நீங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாலே போதும். அரிக்காத வீட்டுக்குத்தான் போவேன்னு அவளே சொல்லியிருப்பா. எந்தப் புத்திசாலி இப்ப வந்து இதை மாட்டுவான்?

— அந்த ஆக்ஸா பிளேடை எடு.

— பதில் சொல்லுங்க.

— பைப்பை அறுத்துட்டுச் சொல்றேன். அறுக்கும்போது பேசினா கோணலாப் போயிடும்.

— எப்பவும் இப்படித்தான். கையில ஏதாவது ஒரு வேலை இருக்கும். பேச்சு அதுக்கு அப்புறம். அப்புறம்னு ஒண்ணு வரவே வராது.

— யாரு, மாப்பிள்ளையா? குரல் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது!

— வாங்க அக்கா. நல்லா இருக்கீங்களா?

— எங்க நல்லா இருக்கிறது? என் தங்கச்சி ஒரு பக்கம், அவ பொண்ணு ஒரு பக்கம், ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஆளுக்கு ஒரு துண்டை எடுத்துக்கிட்டு ஓடிக்கிட்டிருக்கேன். இருங்க, டீ போடறேன்.

— சீக்கிரம் தண்ணி பிடிச்சு வெச்சுக்குங்க அக்கா. மூடப் போறேன்.

— பிடிச்சு வெச்சாச்சு, பிடிச்சு வெச்சாச்சு. இது என்ன, கேஸ் சிலிண்டருக்கு அண்ணன் மாதிரி நிக்குது? இதுக்குள்ள உப்புப் போடணுமாமே? நல்லா இருக்கு கூத்து. ஏற்கெனவே உப்புத் தண்ணி, அதுல இன்னும் உப்பா?

— உப்பு உங்களுக்கு இல்ல அக்கா, மெஷினுக்கு. பாருங்க, இந்த உருளைக்குள்ள பொடிப் பொடியா மணி இருக்கு. தண்ணி அது வழியாப் போகும்போது சுண்ணாம்பை மணி பிடிச்சு வெச்சுக்கும். பிடிச்சுப் பிடிச்சு ஒரு கட்டத்துல அதால முடியாமப் போயிடும். அப்ப இந்தத் தொட்டியில இருக்கிற உப்புத் தண்ணியை அதுவே இழுத்துத் தன்னை அலசிக்கும். சுண்ணாம்பு பூரா சாக்கடைக்குப் போயிடும். மணி மறுபடி புதுசு மாதிரி வேலை செய்யும்.

— அப்ப குடிக்கிற தண்ணி கரிக்காதா?

— கிச்சன் குழாயை இதுல சேர்க்கவே இல்ல. குடிக்க, சமைக்கப் பழைய தண்ணிதான். குளிக்க, துவைக்க மட்டும் இது.

— பதினஞ்சு வருஷமா இந்தத் தண்ணியிலதான் குளிக்கிறேன். எனக்கு ஒண்ணும் வரலையே?

— நீங்க வர விட்டிருக்க மாட்டீங்க.

— கேட்டியாடி? இன்னும் வாய் குறையலை இவருக்கு. சரி, இது மாட்டினா வேற என்ன ஆகும்? பாத்ரூம் கண்ணாடியில திட்டுத் திட்டா ஒண்ணு படியுதே, தேய்ச்சுத் தேய்ச்சு என் தோள்பட்டையே போச்சு.

— புதுசாப் படியாது.

— துண்டு? அது காஞ்சா அட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது. மடிச்சா நான்தான் உடையறேன்.

— பழைய துண்டுகூட நாலஞ்சு தடவை துவைச்சா இளகிடும். சோப்புத் தூள் இப்ப போடறதுல பாதி போதும். ஷவர்ல துளை அடைக்காது. கீசர் காயில்ல ஓடு கட்டாது, கரண்ட்டும் மிச்சம்.

— அட! இவ்வளவு இருக்கா? அப்ப ஊரு பூரா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களே, என் வீட்டுக்கு ஒண்ணு மாட்டணும்னு இத்தனை வருஷமாத் தோணலையா?

— நீங்க அப்ப என்னை வாசல் தாண்டி விடலையே அக்கா. குழாய் ரிப்பேர்க்காரனுக்கு என் தங்கச்சியான்னு கேட்டீங்க.

— அதை இன்னுமா ஞாபகம் வெச்சிருக்கீங்க? அது ஏதோ அன்னைக்கு வாய் தவறி... இந்தாங்க, டீயைக் குடிங்க. ஆறிடும். நான் ஸ்கூலுக்குப் போயி அவளைக் கூட்டிட்டு வந்துடறேன்.

— அக்கா, கொஞ்சம் மெதுவாவே கூட்டிட்டு வாங்களேன். பார்க் பக்கமாச் சுத்திக்கிட்டு.

— ஏன்? பொண்ணைப் பார்க்காமயே போகப் போறீங்களா? என்ன மனுஷனோ! சரி, எனக்கு எதுக்கு? ஊஞ்சல்ல உக்கார வெச்சுட்டு வரேன். ஏய், அவருக்கு டீ இன்னும் கொஞ்சம் இருக்கு, ஊத்திக் குடு.

— போயிட்டாங்களா?

— போயாச்சு. இப்ப பைப்பும் அறுத்தாச்சு. சொல்லுங்க.

— சொல்யூஷன் தடவினா உடனே ஒட்டணும். இந்த முனையைப் பிடி. அசைக்காதே... பிடிச்சுக்கிட்டே இரு. காயணும்.

— பிடிச்சிருக்கேன். சொல்லுங்க.

— தண்ணிக்காக அவ என்கிட்ட வரக்கூடாது.

— புரியலை.

— திங்கக்கிழமை அவ அப்பான்னு சொன்னா, எனக்குக் காலம் பூரா சந்தேகமாவே இருக்கும். என்னைச் சொன்னாளா, என் வீட்டு ஷவரைச் சொன்னாளான்னு. எட்டு வயசுக் குழந்தை. அரிக்குதுங்கிறதுக்காக அம்மாவை வேணாம்னு சொல்ல வைக்கிறது பெரிய பாவம். ரெண்டு வீட்டுலயும் ஒரே தண்ணி இருக்கட்டும். அப்புறம் அவ இஷ்டம்.

— அப்புறம் அவ இஷ்டம்னா அவ யாரைச் சொல்லுவான்னு உங்களுக்குத் தெரியாதா?

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— கை அசையுது பாரு. அசைக்காதேன்னேன்ல.

— நீங்க இதை வேற யாருக்காவது செஞ்சிருந்தா, எவ்வளவு நல்ல மனுஷன்னு சொல்லியிருப்பேன். எனக்குச் செய்யும்போது நம்ப முடியலை. இதுல என்ன சூட்சுமம் இருக்குன்னு காலையிலேருந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

— கண்டுபிடிச்சியா?

— இல்ல.

— கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு. இப்ப கையை எடுக்கலாம். மெதுவா... ம். பிடிச்சுக்கிச்சு.

— ராத்திரியில அவளுக்குக் கையில சாக்ஸ் மாட்டி விடறேன். தூக்கத்துலயே பல்லால கடிச்சு இழுத்துடறா. காலையில படுக்கை விரிப்பைப் பார்க்கவே பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கேட்டேன், தண்ணியாலயான்னு. இருக்கலாம்னு சொன்னார். இருக்கலாமாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு ராத்திரியும் அவ பக்கத்துல உக்காந்திருக்கேன்.

— பாரு, நான் உன்கிட்ட வியாபாரம் பேச மாட்டேன். இதை மாட்டினா தோல் சரியாயிடும்னு எவன் சொன்னாலும் நம்பாதே. சுண்ணாம்புத் தண்ணியில சோப்பு கரையாம திரிதிரியா நிக்கும், எவ்வளவு அலசினாலும் உடம்புல கொஞ்சம் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அது அவளுக்கு எரியும். இந்தத் தண்ணியில சோப்பும் கம்மியாப் போடுவோம், போட்டதும் சுத்தமாப் போயிடும். அவ்வளவுதான். களிம்பை நிறுத்திடாதே. குளிச்சுத் துடைச்ச உடனே, ஈரம் காயறதுக்குள்ள தடவிடு.

— அதெல்லாம் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— தெரியும். நீ செய்வேன்னு தெரியும்.

— ஏன் அப்படியே நின்னுட்டீங்க?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததுக்கு ரெஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு யாராவது சுவரைப் பார்த்துக்கிட்டு நிப்பாங்களா?

— போன ஞாயித்துக்கிழமை அவளை இங்க கொண்டுவந்து விட்டேன் இல்ல. அன்னைக்கு எங்க தெருவைத் தாண்டினதுமே வண்டியில பின்னாடி உக்காந்துக்கிட்டு சொறிய ஆரம்பிச்சுட்டா. இந்த வீட்டுத் தண்ணி இன்னும் அவ மேல படவே இல்ல.

— அப்ப தண்ணி இல்லையா?

— தண்ணி மட்டும்தான் காரணம்னா நல்லா இருக்கும். ஒரு வால்வு, ஒரு பைபாஸ், முடிஞ்சது. நான் அதுக்காகவாவது ஒரு ஆளா இருப்பேன்.

— இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?

— எதைன்னு சொல்றது? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல அல்லாடுறதுலதான் நம்ம பொண்ணுக்கு அரிக்குதுன்னா?

— நீங்க எதையுமே சொன்னதில்ல. அதுதான் நமக்குள்ள இருந்த பிரச்சினையே. நான் பெட்டியை எடுத்துக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். பாப்பா என் சேலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நீங்க யார் வீட்டுக்கோ மோட்டார் மாட்டக் கிளம்பிக்கிட்டே, சாவியை எடுத்துக்கிட்டியான்னு கேட்டீங்க. அது ஒண்ணுதான் கேட்டீங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை வேண்டாம், முகமாவது மாறும்னு பார்த்தேன். மாறலை.

— சாவியை எடுத்துக்கிட்டா திரும்பி வருவேன்னு நெனச்சேன்.

— அதை எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஜோசியக்காரியா? பத்து வருஷம் ஒரே வீட்டுல இருந்தோம். நீங்க சிரிச்சுப் பார்த்திருக்கேன், அடுத்தவங்களைச் சிரிக்க வெச்சுப் பார்த்திருக்கேன். வேற எதையும் பார்த்ததில்ல. உங்க அம்மா போன அன்னைக்குக்கூட வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தீங்க.

— நாற்காலி பத்தலையே.

— பாருங்க, இப்பவும்!

— சரி, சரி. விடு. வால்வைத் திறக்கிறேன். முதல்ல கலங்கலா வரும், பயப்படாதே. ஓடட்டும்... ம். எங்கேயாவது கசியுதா பாரு. அந்த வளைவுல, எல்போகிட்ட கையை வெச்சுப் பாரு.

— இல்ல. காஞ்சு இருக்கு.

— ரெண்டு பாட்டில் கொண்டா. ஒண்ணுல கிச்சன் தண்ணி, ஒண்ணுல இது. ரெண்டுலயும் ஒவ்வொரு சொட்டு சோப்பு. இப்ப குலுக்கு.

— இதுல நுரையே வரலை. பால் கலந்த மாதிரி இருக்கு. இது... ஐயோ, மூடி வரைக்கும் வந்துடுச்சு!

— அதுதான். அந்தப் பால் மாதிரி இருக்கிறதுலதான் இவ்வளவு நாளா அவளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தோம். இப்ப குழாயில கையைக் கழுவிப் பாரு.

— வழுவழுன்னு இருக்கே. சோப்பு போகலை போல.

— போயிடுச்சு. சோப்பு போன கை அப்படித்தான் இருக்கும். நமக்குப் பழக்கமில்ல, அதனால போகலைன்னு தோணுது. ரெண்டு நாள்ல சரியாயிடும். அவகிட்டயும் சொல்லு, இல்லன்னா போகலை போகலைன்னு மறுபடி மறுபடி தேய்ப்பா.

— ம்.

— தொட்டியில உப்பு பாதிக்குக் கீழ இறங்கினா போடணும். அக்காகிட்ட சொல்லி வெச்சுக்கோ. வாய் பேசினாலும் மறக்க மாட்டாங்க. ஏதாவது ஆச்சுன்னா இந்தக் கைப்பிடியை இப்படித் திருப்பிட்டா மெஷினை விட்டுட்டு நேராப் பழைய தண்ணி வரும். போன் பண்ணு, ஆள் அனுப்பறேன்.

— நீங்க வர மாட்டீங்களா?

— திங்கக்கிழமைக்கு அப்புறம் நான் வந்தா நல்லா இருக்குமா? அப்புறம் இன்னொண்ணு. நான்தான் மாட்டினேன்னு அவகிட்ட சொல்லாதே. கடைக்காரன் யாரோ வந்து மாட்டினான்னு சொல்லிடு. அப்பா மாட்டினாருன்னு தெரிஞ்சா கோர்ட்டுல உக்காந்துக்கிட்டு அதையும் ஒரு பக்கமா வெச்சு எடை போட்டுக்கிட்டிருப்பா. அவ அப்படித்தான். அவளுக்கு இப்பவே பாரம் அதிகம்.

— சொல்லிட்டேன்.

— எப்ப?

— நேத்து ராத்திரி. நீங்க போன் பண்ணினதும் எனக்குத் தலை கால் புரியலை. களிம்பு தடவிக்கிட்டே சொல்லிட்டேன். அப்பா நாளைக்கு நம்ம வீட்டுக்கும் மெஷின் கொண்டு வரார், இனிமே இங்கயும் அரிக்காதுன்னு.

— சரி, போகட்டும். சந்தோஷப்பட்டாளா?

— என் கழுத்தைக் கட்டிக்கிட்டா. எனக்கு அது போதலை. சும்மா இருந்திருக்கலாம். திங்கக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். முடியலை. அப்ப நீ யார்கிட்ட இருக்கப் போறேன்னு கேட்டுட்டேன்.

— ஏன் கேட்ட? கேக்கக்கூடாதுன்னுதான நம்ம பேசி வெச்சோம்?

— என்கிட்டன்னு சொல்லுவான்னுதான் கேட்டேன். அவ வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்துச்சு. இத்தனை நாளா தண்ணிதான், தண்ணிதான்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டிருந்தேன். அந்தத் தண்ணியும் சரியாகப் போகுது. அப்புறம் அவ எங்க போகப் போறான்னு ஒரு தைரியம்.

— என்ன சொன்னா?

— உங்ககிட்டதான் போவேன்னா.

— ...தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பா. அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரலை, அவ்வளவுதான். இன்னைக்கு ராத்திரி இதுல குளிச்சுட்டுத் தூங்கட்டும், காலையில—

— நானும் அதையேதான் சொன்னேன். அரிக்காதுடீன்னேன். அரிக்கலைன்னாலும் அங்கதான்னா.

— அப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. நீ இதைத் தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரமா எனக்குப் பைப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?

— அங்கயே இருந்தாலும் சனி ஞாயிறு இங்க வருவா இல்ல. அந்த ரெண்டு ராத்திரியாவது சொறியாம தூங்கட்டும்.

— இரு. இப்படி உக்காரு. நான் அவகிட்ட எதுவும் சொல்லலை, சத்தியமா. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. என்கிட்ட வந்தா என்ன இருக்கு அவளுக்கு? ஒழுங்காச் சமைக்கத் தெரியாது, தலை பின்னத் தெரியாது. ஏன்னு கேட்டியா?

— கேட்டேன்.

— என்னவாம்?

— நீ அழுதா பெரியம்மா ஓடி வர்றாங்கம்மா, அப்பா ராத்திரி ராத்திரி நான் தூங்கிட்டேன்னு நெனச்சு, எனக்குக் கேக்கக்கூடாதுன்னு கிச்சன்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாரு, யாருமே வர்றதில்லன்னா.